கோலமும் நாற்காலியும்

என் பெரியம்மா கோவையில், வடவள்ளி தாண்டி மலை தெரியும் ஒரு மூத்தோர் குடியிருப்பில் இருக்கிறார். அவருடைய தங்கையான என் அம்மா, தான் வாழ்க்கைப்பட்டு வந்த கும்பகோணத்து ஓட்டு வீட்டிலேயே இருக்கிறார். இருவரும் கணவரை இழந்தவர்கள். இருவர் பிள்ளைகளும் வெளியூர்க்காரர்கள். முதுமையைத் தனியாக எங்கே கழிப்பது என்ற ஒரே கேள்விக்கு அக்காவும் தங்கையும் இரண்டு விடைகளைத் தேர்ந்திருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளாக இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போய்வருகிற எனக்கு, எது மேல் என்று யாராவது கேட்டால் இன்னும் உடனே பதில் வருவதில்லை. வாருங்கள், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

கட்டடத்தைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. குடியிருப்பில் நிலைப்படி கிடையாது. சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, குளியலறையில் கைப்பிடி, கட்டிலருகே இழுத்தால் மணியடிக்கும் கயிறு, இரவிலும் செவிலியர். கும்பகோணத்து வீட்டிலோ வாசலில் நான்கு படி, ரேழிக்கு ஒரு நிலைப்படி, முற்றத்துக்கு இறங்க ஒரு படி, பின்கட்டில் பாசி பிடிக்கும் கிணற்றடி. அம்மா அங்கே இருட்டிலும் தடுக்காமல் நடக்கிறார் என்பது உண்மைதான். அந்தக் கால்பழக்கம் 55 ஆண்டுச் சம்பாத்தியம். ஆனால் முழங்கால் தேயத் தேயப் பழக்கமும் கைகொடுக்க மறுக்கிறது.

சாப்பாட்டில் தராசு அவ்வளவு எளிதாகச் சாய்வதில்லை. குடியிருப்பின் டைனிங் ஹாலில் எல்லாருக்கும் ரத்த அழுத்தம் என்ற கணக்கில் உப்பு குறைகிறது, எல்லாருக்கும் பல் போயிற்று என்ற கணக்கில் காய் குழைகிறது. தஞ்சைக் கைப்பக்குவத்தில் வளர்ந்த பெரியம்மாவுக்கு அங்கே தீராத மனக்குறை அதுதான். அம்மாவுக்கு அடுப்பும் அவருடையது, உப்பும் அவருடையது. ஆனாலும் ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று பாதி நாள் தயிர்சாதமும் நார்த்தங்காயுமாகவே பொழுது போகிறது. குறை சொல்லிக்கொண்டே பெரியம்மா மூன்று வேளையும் சாப்பிடுகிறார். குறையே இல்லாத சமையலறையில் அம்மா இரண்டு வேளை சாப்பிடுகிறார். கடந்த ஆண்டு இருவருடைய ரத்தப் பரிசோதனைத் தாள்களும் என் கைக்கு வந்தன. சத்துக் குறைவு தங்கைக்குத்தான்.

பணக் கணக்கிலும் இப்படி ஒரு முரண் உண்டு. குடியிருப்பில் மாதக் கட்டணத்தின் பெரும்பகுதி சதுர அடிக் கணக்கு. சாப்பாடு மட்டும் ஆள் கணக்கு. பெரியப்பா போன பிறகு ஒரு சாப்பாட்டுக் காசு குறைந்தது; மெயின்டனன்ஸ் குறையவில்லை, ஆண்டுதோறும் ஏறவும் செய்கிறது. வீட்டிலும் அதே கதைதான்: ஆள் குறைந்ததற்காக வீட்டு வரியோ, மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றும் கூலியோ குறைவதில்லை. விற்க நினைத்தால்தான் வேறுபாடு தெரிகிறது. கும்பகோணத்து வீட்டை யாரும் வாங்கலாம். பெரியம்மாவின் வீட்டில் வயது வரம்பைக் கடந்தவர்தான் குடியேறலாம் என்பதால், வாங்குவோர் வட்டம் சிறியது. அவர் பிள்ளைக்கே அங்கே வந்து வாழ இன்னும் பன்னிரண்டு ஆண்டு ஆக வேண்டும்.

இரண்டு இடத்திலும் ஆபத்து ஒரே இடத்தில், கையெழுத்தில்தான் பதுங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. சொந்த வீட்டு முதியவர் பாசத்தில் பிள்ளைக்குச் செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார். பிள்ளை கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியதாக இருந்தால்தான் அந்தப் பிரிவு உதவும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. முதியோர் நலனை முன்னிட்டு அதே சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் 2025-இல் சொன்னது. நிபந்தனை எழுதாமல் விட்டவர்களின் தவிப்பை நினைத்தால் மனம் பதறுகிறது.

குடியிருப்பு முதியவரின் கையெழுத்தோ கட்டுநருக்கு. கட்டி விற்பவர் ஒருவர். சமையலும் செவிலியும் தருவது பெரும்பாலும் வேறொரு நிறுவனம். 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கவனம் கட்டி ஒப்படைப்பதில். ஒப்படைத்த பிறகு இருபது ஆண்டு நடக்க வேண்டிய சேவையில் அல்ல. அதனால்தான் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டு நெறிகள், கட்டுநர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்றன. மாதிரி நெறி என்பதால் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது மாநிலத்தின் பொறுப்பு. ஆக, தங்கை கேட்க வேண்டியதும் அக்கா கேட்க வேண்டியதும் ஒன்றே: நான் கொடுத்துவிட்டேன், நீ செய்ய வேண்டியது எழுத்தில் இருக்கிறதா?

யாரை உள்ளே விடுவது என்பதிலும் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு ஒரு காலத்தில் இன்னார்தான் குடியிருக்கலாம் என்று வைத்திருந்த தெரு. கோவைக் குடியிருப்புகளில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பலவற்றின் பொதுச் சமையலறையில் சைவம் மட்டுமே என்ற ஒரு வரி, தெரு செய்த வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. மீதியை விலை செய்கிறது. விற்க வீடில்லாதவர்கள் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வருவதில்லை. அவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும்படி முதியோர் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்று அதே 2007 சட்டம் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் அறுபது கடந்தவர்கள் 10 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வியப்பளித்த ஒற்றுமைக்கு இப்போது வருகிறேன். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு காலை, டைனிங் ஹாலில் பெரியம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. அங்கே யாருக்கும் இடம் ஒதுக்கவில்லை; ஆனாலும் ஜன்னலோரத்து நான்காவது மேசை என்றால் அவருடையது என்று எல்லாருக்கும் தெரியும். எட்டேகாலுக்கு எதிர் நாற்காலிக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் தட்டினார். பெரியம்மா குளியலறையில் மயங்கிக் கிடந்தார். மணிக்கயிறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. இழுக்கிற நினைவு அவருக்கு இல்லை.

அடுத்த ஆண்டு தை மாதம் கும்பகோணத்தில் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். ஏழு மணியாகியும் வாசலில் கோலம் விழவில்லை. எதிர்வீட்டு அக்கா தெருவைக் கடந்து வந்து, "என்ன அத்தை, வாசல் வெறுமனே கிடக்கு?" என்று குரல் கொடுத்தபடியே கொல்லைப்பக்கமாக உள்ளே வந்துவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி பொருத்திய கேமரா வாசல் முழுவதையும் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. அவன் அந்நேரம் அதைப் பார்க்கவில்லை.

அங்கே நாற்காலி, இங்கே கோலம். மணிக்கயிறும் கேமராவும் விழுந்தவருக்கு உதவும் பொருள்கள்தான்; ஆனால் ஒருவர் தினமும் வருகிற இடத்துக்கு இன்று வரவில்லை என்பதை இன்னொரு மனிதர் கவனித்ததால்தான் அக்காவும் தங்கையும் இன்று இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அயலும், கல்யாணத்தோடு வந்த அயலும் இந்த ஒரு காரியத்தில் சமம். தேய்வதிலும் சமம். குடியிருப்பில் கேரியரில் அறைக்கே சாப்பாடு வரவழைப்பவர்கள் பெருகியதில் ஹால் பாதி காலி. எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீட்டில் விளக்கு எரிவது ஒன்பதில். எதிர்வீடும் இந்த ஆனியில் விற்றுப்போய், தங்கும் விடுதியாகப் போகிறது.

ஆடி மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பெரியம்மா முதன்முறையாக எழுந்து பேசியதாகச் சொன்னார். "முடியாதவங்களுக்கு ரூமுக்கு அனுப்புங்க. நடக்க முடிஞ்சவங்க கீழே வந்து சாப்பிடட்டும். சாம்பார் நல்லாயில்லேன்னு திட்டவாவது வரட்டும்."

அதே மாதம் அம்மா பூக்காரம்மாவிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பூ வேண்டிய நாளோ வேண்டாத நாளோ, தினமும் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு மாதம் தனியாக ஒரு தொகை. சென்ற வாரம் நான் அங்கே இருந்தேன். ஆறரைக்கு "அம்மா!" என்று வாசலில் குரல் கேட்டது. அம்மா பால் பொங்கும் பாத்திரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், "இருக்கேம்மா, போயிட்டு வா" என்றார்.