யாழ்ப்பாணம் – கொழும்பு: எத்தனை மைல்?

லாச்சப்பலில் விமான ரிக்கற் போடும் கடையொன்றின் சுவரில் இலங்கை வரைபடம் ஒன்று தொங்குகிறது. சென்ற மாதம் எனக்கு முன்னால் நின்ற, இங்கே பிறந்த பெடியன் ஒருவன் விரலால் அளந்து பார்த்துவிட்டு, "கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தானே அங்கிள்?" என்றான். பத்து வருடம் வரலாறு படிப்பித்த வாய், உடனே பதில் வரவில்லை. அன்றிரவு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியபடியே கணக்குப் போட்டேன்.

நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வீதியால் 400க்குச் சற்றுக் குறைவு. இந்த எண்கள் மாறவேயில்லை. ஆனால் தூரம் மாறிக்கொண்டேயிருந்தது.

1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. 1956இல் யாழ்தேவி வந்தது. காலையில் கோட்டையில் ஏறியவர் அன்றே வீட்டில் நின்றார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் ரயிலும் போயிற்று, ஏ9 வீதியும் போயிற்று. ஆனையிறவில் இராணுவம் நின்றதால் சனம் பின்னர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தது. 1993 ஜனவரி 2இல் அங்கே கடற்படையினர் தாக்கியதில் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். வெளியேறப் புலிகளிடம் ஒரு பாஸ், அதற்குப் பிணை நிற்க ஓர் ஆள். வவுனியாவில் இராணுவத்திடம் இன்னொரு பாஸ். 1996க்குப் பிறகு கப்பல், அல்லது விமானம். 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து கிளம்பிய விமானம் 55 பேருடன் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. 2002இல் திறந்த வீதி 2006 ஓகஸ்டில் மூடியது. 2009இல் போர் முடிந்த பிறகே மறுபடி திறந்தது. ரயில் யாழ்ப்பாணம் வர 2014 ஆயிற்று.

இவ்வளவும் நாம் வழமையாகச் சொல்லும் கதை. இதில் ஒரு பயணம் விடுபடுகிறது.

1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் வெளியேறப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். வீதி மூடிவிட்டதென நாம் குறைப்பட்ட அதே ஆண்டில், அவர்களுக்கு அது ஒரு திசையில் மட்டும் திறந்தது. பலர் போய்ச் சேர்ந்தது புத்தளத்து அகதி முகாம்களுக்கு. நேர்கோட்டில் 200 கிலோமீற்றர்கூட இல்லை. திரும்பும் வழி தெரியப் பன்னிரண்டு வருடம் சென்றது. பலர் இன்னும் திரும்பவில்லை.

சோனகதெருவில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் இருந்தான். அவனுடைய புத்தகமொன்று அன்று என் மேசையில் கிடந்தது. பின்னாளில் விரிவுரையாளனாகி, வடபகுதிப் போக்குவரத்து வரலாற்றை வருடாவருடம் படிப்பித்தேன். இந்தப் பயணத்தை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பயம் என்று சொல்லித் தப்பிக்கலாம். பயம் மட்டும்தான் காரணமென்றால், பாரிசுக்கு வந்த மறுவருடமே எழுதியிருக்க வேண்டும்.

பெடியனுக்குக் கடைசியில் "பஸ்ஸில ஒரு இரவு" என்றுதான் சொன்னேன். தலையாட்டிவிட்டு ரிக்கற்றை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.