புறா அஞ்சலும் ஆழ்வார் விட்ட தூதும்

12ஆம் நூற்றாண்டில் சுல்தான் நூருத்தீன் எகிப்தையும் சிரியாவையும் புறா அஞ்சலால் இணைத்தார். 1870–71இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது, பலூன்களில் வெளியே கொண்டுசெல்லப்பட்ட புறாக்கள், மிக நுண்ணியதாகச் சுருக்கிய நிழற்படச் செய்திகளோடு நகருக்கு மீண்டன. நம் நாட்டில் ஒடிசா காவல்துறை 1946 முதல் இவற்றைப் பயன்படுத்திற்று. எங்கும் முறை ஒன்றே: புறா தன் கூட்டிற்கே திரும்பும், தான் சுமக்கும் செய்தியை அது அறியாது.

நம்மாழ்வார் திருவாய்மொழியில் நான்கு பதிகங்களில் (1-4, 6-1, 6-8, 9-7) தூது விடுகிறார். முதல் தூதில் செல்பவை நாரை, குயில், அன்னம், அன்றில், கிளி, பூவை முதலியன. இவற்றின் உடலில் ஓலை ஏதும் கட்டப்படவில்லை. எம்பெருமான் திருமுன்பே இவை வாய்திறந்து விண்ணப்பிக்க வேண்டும். ஆதலின், பறக்கும் ஆற்றல் மட்டும் இத்தூதுக்குப் போதாது. ஸ்வாபதேசத்தில் இப்பறவைகள் ஆசார்யர்கள். சிறகுகள் ஞானமும் அநுஷ்டானமும் என்பது வ்யாக்யான மரபு.

இந்நான்கு தூதுகளுக்கும் இலக்கை ஆசார்ய ஹ்ருதயம் முறையே வ்யூஹம், விபவம், பரத்வ அந்தர்யாமித்வங்கள், அர்ச்சை என வகுக்கிறது. முதல் தூதில் உணர்த்தப்படும் குணம் க்ஷமை. தன் பிழைகளைக் கண்டே அவன் வாராதொழிந்தான் என்று அஞ்சும் சேதனனுக்கு, அப்பிழை பொறுக்கும் குணத்தை அவனுக்கே நினைவூட்டுவார் வேண்டும். செய்தியைச் சுமக்கப் புறா போதும்; பரிந்து உரைக்க ஆசார்யனே வேண்டும்.