ரோபோ என்ற சொல்லுக்கு அர்த்தம் ஊழியம்



போன கிழமை வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு பெற்றார் ஒரு படம் போட்டிருந்தார். முதுகில் மாடம் சுமந்த யானை, உச்சியில் ஒரு பறவை, இரண்டு பக்கமும் வளைந்த பாம்புகள். கீழே பெரிய எழுத்தில், உலகின் முதல் ரோபோவைச் செய்தவர் ஒரு முஸ்லிம் என்று இருந்தது. மறுநாள் தரம் 9 பிள்ளைகள் கேட்டார்கள்: "சேர், இது உண்மையா?" பாதி உண்மை என்றேன். மீதிப் பாதியைச் சொல்ல ஒரு பாடவேளை போதவில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல். ரோபோ என்பது விஞ்ஞானி வைத்த பெயர் இல்லை. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ஒரு நாடகத்தில்தான் அது முதன்முதல் வருகிறது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால், பண்ணை அடிமைகள் கிழமையில் இத்தனை நாள் என்று நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்து கொடுக்க வேண்டிய வேலை. அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பில் செய்தவை இல்லை. மனித உருவில் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வேலைக்காரர்கள். கடைசியில் அவர்கள் எஜமானர்களுக்கு எதிராகக் கிளம்பிவிடுகிறார்கள்.

இந்த ரொபோட்டாவுக்குத் தமிழில் சரியான சொல் நம்மிடமே இருக்கிறது: ஊழியம். கலாசாலையில் படித்த காலத்தில் இந்தச் சொல்லை வெறும் 'சேவை' என்றுதான் நினைத்திருந்தேன். ஒல்லாந்தர் ஆட்சியில் அது ஒரு சட்டம். சோனகரையும் செட்டிகளையும் அவர்கள் இந்த நாட்டாராக எடுக்கவில்லை, வெளியார் என்றே கணக்கில் வைத்தார்கள். இங்கே இருப்பதற்கு விலையாக ஆண்டுதோறும் குறித்த காலம் கம்பனிக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். கையில் காசு இருந்தவர் பணம் கட்டித் தப்பினார். இல்லாதவர் போய்ச் சுமந்தார். ஓ.எல். வரலாற்றில் பிள்ளைகள் படிக்கும் இராஜகாரிய முறையும் இதன் உறவுதான், 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவோடு ஒழிந்தது. ஆகவே ரோபோவின் வரலாறு என்பது என்னைப் பொறுத்தவரை யாருடைய தோளிலிருந்து எந்தச் சுமை இறங்கியது என்ற வரலாறு.

இப்போது யானைக்கு வருவோம். அதைச் செய்தவர் இஸ்மாயில் இப்னு அர்ரஸ்ஸாஸ் அல்ஜஸரி. இன்றைய துருக்கியில் உள்ள தியார்பக்கிரில் அர்துக்கிய மன்னர்களிடம் ஏறத்தாழ 25 வருஷம் வேலை செய்த பொறியியலாளர். 1206இல் முடித்த அவருடைய நூலில் 50 இயந்திரங்கள் இருக்கின்றன. 'முதல்' என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது, அவரே அதைக் கேட்டிருக்கவும் மாட்டார். அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னமே அலெக்சாந்திரியாவில் ஹீரோன் தானாக அசையும் பொம்மைகளைப் பற்றி எழுதிவிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் மூவர் சுமார் 100 கருவிகளை விவரித்தார்கள். அல்ஜஸரி அவர்களுடைய நூலைப் படித்தவர், அதைச் சொல்லியும் இருக்கிறார். யார் தோளில் ஏறி நிற்கிறேன் என்று சொன்ன ஒருவரை வைத்து நாம் 'முதல்' என்று சண்டை பிடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

யானையை விட எனக்குப் பிடித்தது அவருடைய மயில். வுழூ செய்யும்போது ஒரு பணியாளோ அடிமைப் பெண்ணோ பக்கத்தில் நின்று தன் கையில் தண்ணீர் ஊற்றுவது மன்னர் ஸாலிஹுக்கு விருப்பமில்லை. அதற்காக ஒரு கருவி செய்யச் சொன்னார். கை கழுவுவதற்கென்று அல்ஜஸரி செய்தவை பல. மயில் அவற்றில் ஒன்று. வாலில் உள்ள அடைப்பை இழுத்தால் அலகிலிருந்து தண்ணீர் விழும். கழுவிய தண்ணீர் கீழே ஒரு தாங்கியில் சேரும். அந்தத் தாங்கிக்குள் ஒரு மிதவை. தண்ணீர் ஏறி மிதவை உயரும்போது அது ஒரு கம்பியைத் தள்ளும், சின்னக் கதவு திறக்கும், ஒரு பொம்மைப் பணியாள் சவர்க்காரத்தோடு வெளியே வருவான். இன்னும் தண்ணீர் ஏறினால் இரண்டாவது மிதவை, இரண்டாவது கதவு, துவாயோடு இன்னொருவன்.

இன்று ரோபோ என்றால், சுற்றி நடப்பதை உணர வேண்டும், அதை வைத்து அடுத்து என்ன என்று தீர்மானிக்க வேண்டும், பிறகு அசைந்து செய்ய வேண்டும். மயிலின் மிதவை தண்ணீர் மட்டத்தை உணர்கிறது. கழிவறைத் தண்ணீர்த் தாங்கியைத் திறந்து பாருங்கள், உள்ளே மிதக்கும் பந்து செய்வதும் இதே வேலைதான். தீர்மானிக்கும் மூளை மட்டும்தான் அந்த மயிலுக்கு இல்லை. அது வர இன்னும் 750 வருஷம் ஆனது.

அல்ஜஸரியின் சித்திரங்களை நவீன உலகுக்கு விளக்கியவர்களில் ஒருவர் கொழும்பில் பிறந்த தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. ஆனந்த குமாரசுவாமி, பிறந்தது 1877. பொரளையிலிருந்து டவுன்ஹோல் பக்கம் போனால், நடைபாதையில் ஓவியங்கள் தொங்கவிட்டு விற்கிறார்களே, அந்தப் பாதைக்கு அவருடைய பெயர்தான். பொஸ்டன் நூதனசாலையில் வேலை செய்த காலத்தில், 1354இல் பிரதி செய்யப்பட்ட அல்ஜஸரி நூலின் ஏடுகளைப் பற்றி 1924இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். முன்னோர் பெருமை பேசும் நாங்கள் இதைத் தேடவில்லை. ஒரு சைவத் தமிழரின் மகன் தேடியிருக்கிறார்.

பிறகு வந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1961இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் யூனிமேட் என்ற இரும்புக் கை வேலைக்கு வந்தது. ஜோர்ஜ் டெவோல் கண்டுபிடித்தது. அச்சிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் உலோக வார்ப்புகளைத் தூக்கி வைப்பதுதான் அதன் வேலை. தீக்காயமும் நச்சுப் புகையும் மனிதரை விட்டு நகர்ந்தன. இன்று சென்னைப் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளில் உருக்கி ஒட்டும் வேலையைச் செய்பவை அதன் பேரப்பிள்ளைகள்.

நம் நாட்டில் மிக ஆபத்தான ஊழியம் எது? மிதிவெடி அகற்றுவது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்கார என்ற பேராசிரியர், 2008 அளவில் ஒரு ரோபோவை ஒரு கீரியோடு இணைத்துப் பரிசோதித்தார். கீரி முன்னால் மணந்துகொண்டு போகும், ரோபோ பின்னால் அதை வழிநடத்தும். கீரி பாரம் குறைந்தது, வெடியை மிதித்தாலும் வெடிக்காது. அந்த ரோபோவுக்கு வைத்த பெயர் முரளி. வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆனால் வடக்கில் வெடி அகற்றும் வேலை பெரும்பாலும் கையால்தான் நடந்தது. முழங்காலில் இருந்து மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டியவர்களில் பலர் பெண்கள், யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. 1990இல் வெளியேற்றப்பட்ட நம்மவர்கள் மன்னார்ப் பக்கம் திரும்பிப்போய்க் குடியேறிய காணிகளில் அந்தப் பெண்களின் கை பட்டிருக்கும். அவர்களுக்கு எந்த மயிலும் கிடைக்கவில்லை.

இன்னொன்று கேரளாவில். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் விஷவாயுவில் மயங்கினார்கள். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர், அவர்களை முன்பின் தெரியாதவர், காப்பாற்ற இறங்கினார். மூவரும் மௌத். அந்தச் செய்தியில் உலுங்கிப்போன சில இளைஞர்கள், குற்றிப்புறம் எம்.ஈ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள், ஜென்ரோபோட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைக் கட்டினார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அவர்களுடைய 'பெண்டிகூட்', அதாவது பெருச்சாளி, குழிக்குள் இறங்கியது. மடங்கும் கால்கள், அள்ளும் கை, கமரா. மனிதர் மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குவார்.

போன மழைக்கு எங்கள் ஒழுங்கை முனையில் குழி அடைத்துக்கொண்டது. கூட்டிவந்த ஆள் சாரத்தை மடித்துக் கட்டி, கையுறைகூட இல்லாமல் நெஞ்சளவுக்கு இறங்கினார். நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்து நின்றோம், நானும்தான். ஏறி வந்து கை கால் கழுவியபின் தேத்தண்ணி கொடுத்தேன். தமிழ்தான் பேசினார். போனில் பெருச்சாளியின் வீடியோவைக் காட்டினேன். முழுக்கப் பார்த்தார்.

"சேர், இத ஓட்டுறதுக்கு ஓ.எல். பாஸ் பண்ணியிருக்கணுமா?"

இல்லை, அங்கே குழியில் இறங்கிக்கொண்டிருந்த ஆட்களுக்குத்தான் பழக்கிக் கொடுக்கிறார்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. போனைத் திருப்பித் தராமல், வீடியோவை இன்னொரு முறை முதலிலிருந்து போட்டார்.