நடுவீதி யாருடையது? சாந்தினி சௌக் சீரமைப்பின் முன்வரலாறு

2021 செப்டம்பர் 12 அன்று தில்லியின் சாந்தினி சௌக் பெருவீதி சீரமைக்கப்பட்டுத் திறந்துவைக்கப்பட்டது. செங்கோட்டைக்கு எதிரிலிருந்து ஃபத்தேபுரி மசூதி வரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லை. தலைக்கு மேல் கொத்துக்கொத்தாகத் தொங்கிய மின்கம்பிகள் மண்ணுக்கடியில் சென்றன. சிவப்பு கிரானைட் பாவிய அகன்ற நடைபாதைகளும் அமர்வதற்குக் கல் இருக்கைகளும் வந்தன. திட்டத்தைப் பற்றிய உரைகளிலும் செய்திகளிலும் ஒரே கருத்து திரும்பத் திரும்ப ஒலித்தது: ஷாஜஹான் காலத்துப் பொலிவு மீட்டெடுக்கப்படுகிறது.

மீட்டெடுக்கப்பட்டது எந்தச் சாந்தினி சௌக் என்பதே என் ஐயம். ஒரு வீதியின் வரலாற்றை அதன் இருமருங்கிலும் நிற்கும் கட்டடங்களைக் கொண்டு எழுதுவது நம் வழக்கம். கட்டடத்துக்குக் கல்வெட்டு இருக்கும், கட்டியவர் பெயர் இருக்கும், விற்ற பத்திரமும் வாங்கிய பத்திரமும் இருக்கும். வீதியின் நடுவிடத்துக்கோ பத்திரம் கிடையாது. அங்கே எதை வைப்பது, யாரை நிற்க விடுவது என்பதை ஒவ்வொரு காலத்திலும் அதிகாரத்தில் இருந்தவர்களே முடிவு செய்தனர். ஆகவே சாந்தினி சௌக்கின் நடுக்கோட்டை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம் என்று தோன்றிற்று.

ஷாஜஹானாபாத் கோட்டைக்கு 1639இல் அடிக்கல் இடப்பட்டது. 1648இல் பேரரசர் குடிபுகுந்தார். கோட்டையின் லாகூர் வாயிலிலிருந்து மேற்கே நேர்கோடாகச் சென்ற கடைவீதியின் அளவுகளை ஸ்டீபன் பிளேக் தம் நூலில் தருகிறார்: 40 கெஜம் அகலம், 1,520 கெஜம் நீளம், 1,560 கடைகள். நீளத்தை மீட்டராக மாற்றினால் ஏறத்தாழ 1,390 வரும். ஆக, இன்றைய திட்டத்தின் நீளமும் அன்றைய வீதியின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் 'சாந்தினி சௌக்' என்பது அன்று முழு வீதியின் பெயரன்று. வீதியின் இடையே ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் அமைத்த எண்கோணச் சதுக்கத்துக்கும் அதன் நடுவிலிருந்த குளத்துக்கும் உரிய பெயர் அது. நிலவொளி அந்நீரில் விழுந்ததால் வந்தது என்பர். கோட்டையருகே இருந்த பகுதி உர்தூ பஜார்; மேற்குக் கோடி ஃபத்தேபுரி பஜார். சதுக்கத்தின் வடபுறம் இளவரசி கட்டிய பெரிய சராயும் அதன் பின்னே தோட்டமும் இருந்தன. பாரிஸிலும் இப்படிச் சில இருக்கலாகாதா என்று பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே ஏங்கியது அந்தச் சராயைக் கண்டுதான்.

வீதியின் நடுவே கால்வாய் ஓடிற்று. துக்ளக் காலத்தில் வெட்டப்பட்டுப் பின்னர் தூர்ந்துபோயிருந்த யமுனைக் கால்வாயை ஷாஜஹானின் பொறியாளர்கள் புதுப்பித்து நகருக்குள் கொண்டுவந்தனர். அரண்மனையின் பளிங்குக் கூடங்களைக் குளிர்வித்த நீரும் கடைவீதியைக் கடந்த நீரும் ஒரே கால்வாயுடையவை. இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நடுவீதியின் நீர் பொதுமக்களுக்குப் பயன்பட்டது உண்மை. எனினும் அது அரண்மனையின் நீர், கடைவீதி வழியே தன்னைக் காட்டிக்கொண்டு சென்றது. வீதியே ஊர்வலத்துக்கு என்று அளந்து போடப்பட்டதுதான். 1659இல் தோற்றுப் பிடிபட்ட தாரா ஷுகோவை, ஜஹானாராவின் அன்புக்குரிய தம்பியை, அழுக்கேறிய யானைமீது ஏற்றி ஔரங்கசேப் நகரில் ஊர்வலம் விட்டார். நகரின் மிகப் பெரிய கடைவீதியில் நின்று அதைப் பார்த்ததாக பெர்னியே எழுதுகிறார். கூட்டம் அழுதது, வாளை உருவத்தான் ஆளில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் பேரரசு தளர்ந்தபோது கால்வாயும் வறண்டது. கிழக்கிந்தியக் கம்பெனி 1820 வாக்கில் அதைத் தூர்வாரி மீண்டும் நீர் ஓடச் செய்தது. சாந்தினி சௌக்கில் நடந்த முதல் 'மீட்டெடுப்பு' இதுவே என்று சொல்லலாம். புதிய ஆட்சி பழைய ஆட்சியின் நீரைக் கொண்டே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓவியங்களிலும் ஒளிப்படங்களிலும் வீதியின் நடுவே மரநிழலும் மனிதர்களும் தென்படுகின்றனர். இன்று நாம் 'பாரம்பரியம்' என்று மனத்தில் வைத்திருக்கும் காட்சி பெரும்பாலும் இந்தக் காலத்தினுடையது, ஷாஜஹானுடைய காலத்தினுடையதன்று.

1857க்குப் பின் நடந்ததை விரைவாகக் கடக்க இயலாது. செப்டம்பரில் நகரம் வீழ்ந்ததும் கோத்வாலிக்கு எதிரே, இதே வீதியில், தூக்குமரங்கள் நடப்பட்டன. கோட்டையைச் சுற்றிப் பீரங்கி நோக்குக்குத் தடையாயிருந்த குடியிருப்புகளும் கடைவீதிகளும் தரைமட்டமாயின. உர்தூ பஜார் அவற்றுள் ஒன்று. வீதியின் மேற்குக் கோடியை அடைத்து நின்ற ஃபத்தேபுரி மசூதி ஏலம் விடப்பட்டது. லாலா சுன்னாமல் என்ற வணிகர் அதை 19,000 ரூபாய்க்கு எடுத்தார், இடிக்காமல் வைத்திருந்தார், 1877இல்தான் அது முஸ்லிம்களுக்குத் திரும்பியது. ஒரு மசூதியின் விலை பேரேட்டில் பதிவாகியிருக்கிறது. தூக்குமரம் நின்ற இடத்துக்கு ஓர் அடையாளமும் இல்லை.

1863இல் தில்லிக்கு நகராட்சி வந்தது. ஜஹானாராவின் சராய் இருந்த இடத்தில் நகர்மன்றக் கட்டடம் எழுந்தது. பேகத்தின் தோட்டம் 'குவீன்ஸ் கார்டன்' ஆயிற்று. எண்கோணச் சதுக்கத்தின் நடுவில், குளம் இருந்த இடத்தில், 1870 வாக்கில் மணிக்கூண்டு ஒன்று நிறுத்தப்பட்டது. ஓர் இளவரசியின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக ஓர் அரசியின் பெயருக்கு மாறியதை நாராயணி குப்தாவின் நூலோடு அக்கால வரைபடங்களையும் விரித்து வைத்துக்கொண்டு படித்தால் தெளிவாகக் காணலாம். கால்வாய் மூடப்பட்டது. நீர் பார்த்து அமர்ந்த இடத்தில் மக்கள் நிமிர்ந்து நேரம் பார்க்கத் தொடங்கினர். இந்த மாற்றங்களுக்கு அன்றைய நகராட்சி மொழியில் வழங்கிய பொதுச்சொல் 'மேம்பாடு'. சொல் இன்னும் ஓய்வுபெறவில்லை.

1908இல் டிராம் ஓடத் தொடங்கியது. 1912 டிசம்பர் 23 அன்று, புதிய தலைநகருக்குள் வைஸ்ராய் ஹார்டிஞ் யானைமீது நுழைந்த ஊர்வலத்தில் குண்டு விழுந்ததும் இவ்வீதியில்தான். 1919 மார்ச் 30 அன்று ரௌலட் சட்ட எதிர்ப்பு நாளில் சுவாமி சிரத்தானந்தர் துப்பாக்கிகளுக்கு முன் மார்பைத் திறந்து காட்டியதும் இங்கேயே. தாரா ஊர்வலம் வந்தபோது பார்த்துக்கொண்டு மட்டும் நின்ற கூட்டம் இப்போது நடுவீதிக்கு இறங்கிவிட்டது. விடுதலைக்குப்பின் நகர்மன்றத்துக்கு முன்னிருந்த விக்டோரியாவின் சிலை அகன்று சிரத்தானந்தரின் சிலை வந்ததன் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். மணிக்கூண்டு 1951இல் ஒரு பகுதி இடிந்து உயிர்களைக் கொன்றது, பின்னர் அகற்றப்பட்டது. 'கண்டாகர்' என்ற பெயர் மட்டும் இன்றும் ரிக்‌ஷாக்காரர்களின் வாயில் வழங்குகிறது. டிராம் 1963இல் நின்றது.

நகரத் திட்டமிடலின் மொழி இதற்குள் மாறிவிட்டிருந்தது. 1936இல் ஏ. பி. ஹியூம் அளித்த நெரிசல் குறைப்பு அறிக்கை பழைய தில்லியை மக்கள்தொகைக் கணக்காகப் பார்த்தது. மறுவருடம் தில்லி மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. விடுதலை பெற்ற இந்தியா 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மதில்நகரைக் குடிசைப்பகுதி என அறிவித்தது. அதே நகரம் அரை நூற்றாண்டுக்குப் பின் 'பாரம்பரியம்' ஆனது. 2008இல் ஷாஜஹானாபாத் மறுமேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. மண் அதுவே. இடையில் நிகழ்ந்தது பிரிவினை: குடியிருந்தோர் பலர் போயினர், பஞ்சாபிலிருந்து வந்தோர் கடை வைத்தனர், ஹவேலிகள் மொத்த வணிகக் கிடங்குகளாயின. வீதியின் நடுவே இப்போது கார்களும் சரக்கு வண்டிகளும் நின்றன. 2018க்கு முன் செங்கோட்டையிலிருந்து ஃபத்தேபுரி வரை நடந்தவர்களுக்குத் தெரியும். அந்த நெரிசலை நான் காவியமாக்க விரும்பவில்லை.

நெரிசலுக்குக் காரணம் யார் என்று கேட்கப்பட்டபோது முதலில் சுட்டப்பட்டது சைக்கிள் ரிக்‌ஷா. சாந்தினி சௌக்கிலிருந்து அவற்றை விலக்கும் முயற்சி 2006 முதல் நீதிமன்றத்தின் துணையோடு நடந்தது. தில்லி முழுமைக்கும் 99,000 ரிக்‌ஷாக்கள் என்ற உச்சவரம்பும் இருந்தது. கார்களுக்கு அப்படியொரு வரம்பை எவரும் விதித்ததில்லை. மானுஷி சங்கட்டன் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் இந்த வரம்பை ரத்து செய்தது. சாலை யாருக்கு என்ற கேள்வி அத்தீர்ப்பில் நேராகவே எழுப்பப்பட்டிருக்கிறது. நகர வரலாறு பயிலும் மாணவர்கள் சட்டக் கல்லூரிக்கு விட்டுவிடாமல் அதைப் படிக்க வேண்டும். இன்றைய திட்டத்தில் ரிக்‌ஷாவுக்குப் பாதை கிடைத்திருப்பதற்கு அத்தீர்ப்பு இட்ட அடித்தளம் முக்கியமானது.

தெருவோர வணிகர்களுக்கு அந்த அளவு கிட்டவில்லை. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டத்தின் அட்டவணையில் ஒரு விதி உண்டு: ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருவோர வணிகர்கள் தொழில் செய்துவரும் இயற்கைச் சந்தைகள் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்கப்பட வேண்டும், அவ்வணிகர்களை இடம்பெயர்க்கலாகாது. 'பாரம்பரியம்' என்ற சொல் இங்கே கல்லுக்கு உரியதாக இல்லை. விற்றுப் பிழைக்கும் பழக்கத்துக்கு உரியதாக இருக்கிறது. அதே சொல்லைத் தலைப்பில் ஏந்திய சீரமைப்பு முடிந்த 2021ஆம் ஆண்டிலேயே, சாந்தினி சௌக் முதன்மை வீதி விற்பனைக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி என்று கடை வணிகர்களின் தரப்பு வாதிட்டது. தெருவோர வணிகர்களை அகற்றுமாறு தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரே சொல்லின் இரு பொருள்கள் ஒரே நடைபாதையில் மோதின. கல்லின் பொருள் வென்றது. சென்னையிலுள்ளோர்க்கு இது புதிதாக இராது. பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்படுவதற்கு முன்பே அங்கிருந்த தெருவோரக் கடைக்காரர்கள் அடுக்குக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டிருந்தனர்.

எல்லோரையும் ஒரே போல அகற்ற முடிந்ததா என்றால் அதுவுமில்லை. திட்டத்தின் வழியில் நின்ற ஓர் அனுமன் கோயில் நீதிமன்ற ஆணைப்படி 2021 ஜனவரி 3 அன்று இடிக்கப்பட்டது. அடுத்த மாதமே, இடித்த இடத்துக்கு அருகில் ஓரிரவில் இரும்பாலான தற்காலிகக் கோயில் எழுந்தது. பெரிய கட்சிகள் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டினவேயன்றி எதுவும் அதை எதிர்க்கவில்லை. வளையல் விற்றவர்களுக்காக ஓரிரவில் எதுவும் எழவில்லை.

சரி, இப்போது நடுவீதியில் என்ன இருக்கிறது? மின்மாற்றிகள். கேபிள்களைப் புதைத்தபின் அவற்றுக்கான பெட்டிகளும் கழிப்பறைகளும் காவல் சாவடிகளும் நடுத்திட்டில் வரிசையாக வைக்கப்பட்டன. டிராமை மீண்டும் ஓட்டும் யோசனை ஒரு காலத்தில் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. கால்வாய் ஓடிய கோட்டில் இன்று ஓடுவது மின்சாரம். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. தீப்பிடிக்கும் கம்பிக் கொத்துகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஃபத்தேபுரியிலிருந்து கோட்டையை நேராகப் பார்க்கும் அந்தப் பதினேழாம் நூற்றாண்டுப் பார்வைக்கோட்டை, 'மீட்டெடுப்பு' என்ற பெயரில் வந்த திட்டமே பெட்டிகளால் மறைத்திருக்கிறது என்பதைக் குறித்தாக வேண்டும்.

பகலில் பார்ப்பவர்களுக்கு வீதியின் பாதிதான் தெரியும். மோட்டார் தடை நீங்கும் இரவு 9 மணிக்குப் பின்னரே மொத்த வணிகத்தின் சரக்கு வண்டிகள் உள்ளே வரமுடியும். பல்லேதார் என்று அழைக்கப்படும் சுமைதூக்குவோருக்கும் தேலா இழுப்போருக்கும் வேலை அந்நேரத்தில் தொடங்கி விடியும்வரை நீளும். பகல் ஓரளவு இலகுவாயிற்று. பாரம் இரவுக்கு நகர்ந்தது. சரக்கு இறக்கிக் களைத்தவர்கள் அதே கிரானைட் திண்டுகளில் படுத்துக்கொள்கின்றனர்.

இவ்வீதியைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்பும் மாணவர்கள் சிலர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டனர். தில்லி மாநில ஆவணக் காப்பகத்தில் துணை ஆணையர், தலைமை ஆணையர் அலுவலகங்களின் கோப்புகள் உள்ளன. சாலை, நகராட்சி, ஆக்கிரமிப்பு ஆகிய தலைப்புகளில் தேடுங்கள். அகற்றப்பட்டவர்கள் கொடுத்த மனுக்கள் எங்கேனும் இணைக்கப்பட்டிருந்தால் முதலில் அவற்றைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். திட்ட வரைபடங்கள் எப்போது கேட்டாலும் கிடைக்கும்.