அழாத குழந்தை

நோயுற்ற குழந்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அழாமல் படுத்திருந்தால், “நல்ல குழந்தை, இடம் பழகிவிட்டது” என்று நாம் மகிழ்வோம். இங்கிலாந்தின் மருத்துவர்களும் தாதியரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணம் மாறிய வரலாற்றை மாணவர்கள் அறிதல் நன்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், எலும்பிலும் மூட்டிலும் காசநோய் பற்றிய குழந்தைகள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், மருத்துவ நிலையங்களில் கிடந்தனர். பெற்றோர் வந்தால் தொற்று பரவும் என்றும், அவர்கள் பிரியும்போது குழந்தை அழுது அமைதி குலையும் என்றும் அஞ்சி, வாரத்தில் ஓரிரு மணி நேரமே பார்வைக்கு அனுமதித்தனர். சில இடங்களில் அதுவும் இல்லை. இவ்விதிகளை வகுத்தவர் கொடியவர் அல்லர். உடலைக் காப்பதே தம் கடமை என்று கருதியவர்கள். நியூகாஸில் நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ், 1920-களிலேயே தாயையும் சேயுடன் தங்கவைத்தார். ஆனால் அவரைப் பின்பற்றியோர் மிகச் சிலரே.

1948-இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர், லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தில் ஜான் பௌல்பி என்னும் மனநல மருத்துவருடன் பணியேற்றார். ஆஸ்பத்திரிகளில் தனித்து விடப்பட்ட சிறு குழந்தைகளை அருகிருந்து கவனித்தார். அவர்களிடம் மூன்று நிலைகளைக் கண்டார். முதலில் குழந்தை தாயைத் தேடிக் கதறுகிறது. பின்னர் நம்பிக்கை இழந்து சோர்ந்து கிடக்கிறது. இறுதியில் எவரிடமும் சிரிக்கிறது. ஆனால் தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பழக்கம் என்று பிறர் கருதிய அமைதி, உண்மையில் உள்ளம் ஒடுங்கியதன் அடையாளம் என்றார் அவர்.

சொல்லை எவரும் ஏற்காமையால், அவர் காமிராவைக் கையில் எடுத்தார். சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கினார் என்ற பழி வாராதிருக்க, நாள்தோறும் குறித்த நேரத்தில் படமெடுத்தார். 1952-இல் மருத்துவர் சபையில் அப்படம் காட்டப்பட்டபோது பலர் சினந்தனர். ஆயினும் எட்டு நாட்களில் இத்துணை வாட்டமெனில், ஆண்டுக்கணக்கில் கிடக்கும் குழந்தையின் நிலை யாது? இக்கேள்வியை நெடுநாள் ஒதுக்கிவைக்க இயலவில்லை.

1959-இல் ஸர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசாங்கக் குழு, பெற்றோர் தடையின்றி வரலாம் என்றும், இளங்குழந்தைகளுடன் தாயார் தங்க வசதி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை உடனே நடைமுறையாகிவிடவில்லை. 1961-இல் தாய்மார்களே சங்கம் அமைத்து, ஆஸ்பத்திரி தோறும் சென்று வற்புறுத்த வேண்டியிருந்தது.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம், தாதியாகலாம், ஆசிரியராகலாம். அழுகிற குழந்தையை எவரும் கவனிப்பர். மூலையில் அமைதியாக இருக்கும் குழந்தையின் அருகே சென்று அமர்வதற்குத்தான் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை நீங்கள் இன்றே தொடங்கலாம்.