துத்தநாகம் எண்ணெய்க்குள் வந்த கதை

1930களில் கார் இஞ்சின்களுக்குள் ஒரு புது நோய் பரவியது. அதுவரை கிராங்க் ஷாஃப்டைத் தாங்கிய பேரிங்குகளுக்கு ‘பாபிட்’ என்னும் மென்மையான உலோகக் கலவையைப் பூசிவந்தார்கள். இஞ்சினின் வேகமும் சுமையும் கூடக்கூட அது வெடித்து உதிர்ந்தது. அதனிடத்தில் செம்பு-ஈயம், காட்மியம்-வெள்ளி என்று வலுவான கலவைகள் வந்தன. அவை சுமையைத் தாங்கின, ஆனால் எண்ணெயைத் தாங்கவில்லை. சூட்டில் காற்றோடு கலந்து கெட்டுப்போகும் எண்ணெயில் அமிலம் ஊறும். அந்த அமிலம் செம்பைத் தொடாமல் ஈயத்தை மட்டும் தின்றது. வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும் பேரிங், உள்ளே புரைபுரையாகிக் கிடந்தது.

எண்ணெய் கெடுவதைத் தடுக்க ஒரு மருந்து வேண்டும் என்று பல கம்பெனிகளின் வேதியியலாளர்கள் ஒரே சமயத்தில் இறங்கினார்கள். கலிபோர்னியாவின் யூனியன் ஆயில் கம்பெனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூலர் 1941-இல் காப்புரிமைக்கு மனுச் செய்தார். 1944-இல் அது கிடைத்தது. அதே காலத்தில் கிளீவ்லாந்தின் லூப்ரிசால் கம்பெனியும் இதே வழியில் வேலை செய்துகொண்டிருந்தது. இவர்கள் எட்டிய பொருளின் பெயர் ஜிங்க் டயல்கைல் டைதயோபாஸ்பேட். இசட்.டி.டி.பி. என்று சுருக்குவார்கள், பட்டறையில் வெறும் ‘ஜிங்க்’ என்றால் போதும். நடுவில் துத்தநாகம், சுற்றிலும் பாஸ்பரஸும் கந்தகமும், அவற்றை எண்ணெயில் கரையவைக்க வெளிப்புறத்தில் கார்பன் வால்கள். பாஸ்பரஸ் பென்டாசல்ஃபைடோடு ஆல்கஹாலைச் சேர்த்து, வரும் அமிலத்தைத் துத்தநாக ஆக்சைடால் முறித்தால் இது கிடைத்துவிடும். எந்த ஆல்கஹாலைப் போடுகிறோமோ அதற்கேற்பக் குணம் மாறும்: ஒன்று சீக்கிரம் உடைந்து வேலையைத் தொடங்கும், இன்னொன்று டீசல் இஞ்சினின் கடும் சூட்டிலும் நிதானமாக நிற்கும். செய்முறை எளிது, விலையும் குறைவு. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதை யாராலும் முழுசாக வெளியேற்ற முடியாததற்கு இந்த மலிவும் ஒரு காரணம்.

அதுவரைக்கும் அது பேரிங்கைக் காக்கவும் எண்ணெய் கெடாமல் இருக்கவும் போட்ட மருந்துதான். தேய்மானத்தைத் தடுக்கும் என்று நினைத்து யாரும் அதைப் படைக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1949-இல் ஓல்ட்ஸ்மொபைலும் கேடிலாக்கும் வால்வு மேலே அமைந்த, அழுத்தம் கூடிய வி-8 இஞ்சின்களை இறக்கின. அந்த வழியே மற்றவர்களும் போனார்கள். வால்வைச் சட்டென்று மூட ஸ்பிரிங்கின் பலத்தைக் கூட்டினார்கள். அந்தப் பலம் முழுவதும் வால்வைத் திறக்கும் கேமின் மூக்கும் அது தள்ளும் டேப்பட்டின் தட்டையான முகமும் உரசும் மெல்லிய கோட்டில் வந்து விழுந்தது. அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் டன் கணக்கில் அழுத்தம். எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறி, இரும்பு இரும்பைத் தொட்டது. கேம்கள் தேய்ந்து மொட்டையாயின. அப்போதுதான் ஜிங்க் கலந்த எண்ணெயில் ஓடிய கேம்கள் பிழைத்துக்கொண்டது தெரியவந்தது. 1950களுக்குள் அதன் முதல் வேலை பின்னுக்குப் போய், இந்த இரண்டாம் வேலையே அதன் அடையாளம் ஆனது.

அது எப்படிக் காக்கிறது? உரசலின் சூட்டிலும் அழுத்தத்திலும் மூலக்கூறு உடைகிறது. உடைந்த துண்டுகள் இரும்பின் மேல் பாஸ்பேட் கண்ணாடிபோல ஒரு படலமாகப் படிகின்றன. கனம் ஏறக்குறைய நூறு நானோமீட்டர், தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உரசலில் தேய்வது இரும்பல்ல, இந்தப் படலம்; தேய்ந்த இடத்தில் எண்ணெயிலிருந்து மீண்டும் வளர்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நித்யானந்த் கோஸ்வாமியும் கூட்டாளிகளும் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையாலேயே உரசி, படலம் வளர்வதை நேரில் பார்த்து 2015-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அழுத்தம் ஏற ஏற வளர்ச்சி மடங்கு மடங்காகப் பெருகியது. தேவை அதிகமுள்ள இடத்தில்தான் காப்பும் அதிகமாக வளர்கிறது!

பிறகு ஏன் அதைக் குறைத்தார்கள்? 1975 முதல் அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில் நச்சுப் புகையை முறிக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. எண்ணெய் கொஞ்சம் எரிந்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் போய் கன்வெர்ட்டரின் பிளாட்டினப் பரப்பை மூடிவிடும். எனவே எண்ணெயில் பாஸ்பரஸுக்கு வரம்பு வந்தது: 1993-இல் 0.12 சதவீதம், 1996-இல் 0.10, 2004-இல் வந்த எஸ்.எம். என்னும் எண்ணெய்த் தரத்தில் 0.08. அதோடு கீழ் வரம்பாக 0.06-உம் வைத்தார்கள், அதற்கும் கீழே போனால் இஞ்சினுக்குக் காவல் இருக்காது. குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்காகச் செய்த இந்தக் குறைப்பு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கம்போங் ராஜாவில் ஓடுவது புதுக் கார்கள் மட்டும் இல்லை. புளூ வேலி தேயிலைத் தோட்டத்தின் பக்கமும் காய்கறிச் சரிவுகளிலும் முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமப்பவை பழைய லேண்ட் ரோவர்கள். 1985-இல் உற்பத்தி நின்ற சீரிஸ் வண்டிகள் இங்கே இன்னும் உழைக்கின்றன. ‘புது எண்ணெயில் சத்து இல்லை, பழைய இஞ்சினைத் தின்றுவிடும்’ என்ற பயம் இந்த வண்டிக்காரர்களுக்கு உண்டு. அந்தப் பயம் ஒரு வண்டிக்குப் பொருந்தும், இன்னொன்றுக்குப் பொருந்தாது.

சீரிஸ் லேண்ட் ரோவரின் 2,286 சிசி இஞ்சினில் டேப்பட்டின் அடியில் ஓர் உருளை உண்டு. கேமின் மேல் அது உரசாமல் உருள்கிறது. ராக்கர் முனையில் உரசல் இருந்தாலும், கேம் மொட்டையாகும் ஆபத்து வெகுவாகக் குறைவு. இந்த வண்டிகளை வேறு எதிரிகள் கொல்கின்றன. காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பி, தோட்டத்திலிருந்து சேகரிப்பு நிலையம் வரை ஓட்டி உடனே நிறுத்தினால் அது சூடாகவே வாய்ப்பில்லை. எரியாத பெட்ரோலும் நீரும் சம்ப்பில் தங்கி எண்ணெயை நீர்க்கச் செய்கின்றன. எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய ஏர் கிளீனரை மாதக்கணக்கில் கழுவாமல் விட்டால் மண் துகள் நேராகச் சிலிண்டருக்குள் போகும். இவற்றுக்கு ஜிங்க் மருந்தல்ல. எண்ணெயைக் காலத்தில் மாற்றுவதும் ஏர் கிளீனரைக் கழுவுவதும்தான் வழி.

தட்சுன் 120ஒய், மோரிஸ் மைனர் போன்றவற்றின் கதை வேறு. அவற்றின் டேப்பட் தட்டையானது, கேமோடு உரசுவது. இவற்றை வைத்திருப்போர் பயப்படுவது நியாயம். தீர்வும் எளிது. அந்த 0.08 வரம்பு 30-உம் அதற்குக் கீழும் உள்ள மெல்லிய எண்ணெய்களுக்கே உரியது. 20டபிள்யூ-50 போன்ற கெட்டி எண்ணெய் அதற்குள் அடங்காது. லாரிக்கான சி.ஐ.-4 தர டீசல் இஞ்சின் எண்ணெயிலும் பாஸ்பரஸுக்கு வரம்பில்லை. 2006-இல் வந்த சி.ஜே.-4 தரத்தில் 0.12 சதவீதம் வரை உண்டு. தனியாக ஜிங்க் பாட்டில் வாங்கி ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அளவு மீறினால் அதே கந்தகமும் பாஸ்பரஸும் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். எண்ணெயில் ஏற்கெனவே அளந்து கலந்த மற்ற மருந்துகளோடும் மோதும்.

பழைய தட்டை டேப்பட் இஞ்சினுக்குப் புதுக் கேம் போட்டால் மட்டும் பட்டறைப் போர்மேனிடம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இஞ்சினைக் கிளப்பிய உடனே ஐடிலில் விடக்கூடாது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்றில் இருபது, முப்பது நிமிடம் ஓடவிட வேண்டும். அந்த அரைமணி நேரத்தில்தான் கேமும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகி, முதல் படலம் படிகிறது.