சாரிப்டோடாக்சின்

மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் வாழும் மஞ்சள் தேளின் நஞ்சிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பெப்டைடு, சாரிப்டோடாக்சின். 37 அமினோ அமிலங்கள் கொண்டது. மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் அதன் வடிவம் எளிதில் குலையாது. 1985இல் கிறிஸ்டோபர் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் இதை அறிமுகப்படுத்தினார்கள். கால்சியத்தால் தூண்டப்படும் பொட்டாசிய அயனி வாய்க்காலை இது அடைத்துவிடும்.

அந்நாளில் பொட்டாசிய அயனி வாய்க்காலின் உருவத்தை யாரும் கண்டதில்லை. செல்லின் சவ்வில் பதிந்த ஒரு புரதம், அதன் நடுவே பொட்டாசியத்தை மட்டும் விடும் குறுகலான துளை என்பதே ஊகம். அந்தத் துளையின் வாயைத் தேடிப்போய் உட்காரும் நஞ்சு, ஆய்வாளர்களுக்கு அளவுகோலாக அமைந்தது.

செயற்கைக் கொழுப்புப் படலம் ஒன்றில் தசைச் செல்லின் ஒற்றை வாய்க்காலைப் பதித்து மின்னோட்டத்தைப் பதிவு செய்தால், வரைபடக் கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சிறிது நஞ்சு சேர்த்ததும் கோடு பல விநாடிகள் அசையாமல் கிடக்கும்; பிறகு மீண்டும் துடிக்கும். ஒவ்வொரு மௌனமும் ஒரே ஒரு நஞ்சு மூலக்கூறு வந்து அமர்ந்து எழுந்து போன நேரம். உட்புறத்தில் பொட்டாசியத்தைக் கூட்டினால் நஞ்சு இன்னும் விரைவாக வெளியேறுகிறது. அயனிகள் உள்ளிருந்து அதைத் தள்ளுகின்றன என்று பொருள். ஈ.கோலை பாக்டீரியாவில் நஞ்சை உருவாக்கும் வழி கைவந்தபின், 27ஆம் இடத்து லைசினை மின்னேற்றமில்லாத அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்தார்கள். தள்ளுதல் மறைந்தது. நேர்மின்னேற்றம் கொண்ட அந்த லைசின்தான் துளைக்குள் தக்கை போல நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவாயிற்று. ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி, கண்ணுக்குத் தெரியாத துளையின் இருப்பிடத்தைக் காட்டிய இந்தச் சோதனை இத்துறையின் மிக நேர்த்தியான சோதனைகளுள் ஒன்று.

மில்லரின் ஆய்வகத்தில் பயின்ற ராடரிக் மெக்கினன் 1991இல் இதே நஞ்சைக் கொண்டு வாய்க்காலின் உறுப்புகளை எண்ணினார். பழ ஈயின் ஷேக்கர் எனும் பொட்டாசிய வாய்க்காலில் நஞ்சுக்கு அகப்படும் துணையலகுகளையும் அகப்படாதவற்றையும் கலந்து, எவ்வளவு மின்னோட்டம் தப்புகிறது என்று கணக்கிட்டார். பொருந்திய எண் நான்கு. 1998இல் அவர் குழு வெளியிட்ட பாக்டீரிய வாய்க்காலின் எக்ஸ்கதிர் படத்திலும் நான்கு துணையலகுகளே இருந்தன. அந்தப் பணிக்காக 2003இல் அவர் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாரிப்டோடாக்சின் வாய்க்காலின் மேல் அமர்ந்திருக்கும் படம் 2013இல் வெளிவந்தது. லைசின், சோதனை சொன்ன இடத்திலேயே இருந்தது.

இந்தப் பெப்டைடுக்கு ஒரு குறை உண்டு. நோயெதிர்ப்புச் செல்களில் உள்ள வேறொரு பொட்டாசிய வாய்க்காலையும் இது அடைப்பதால், விளைவு எதனுடையது என்று பிரித்தறிவது கடினம். 1990இல் கிடைத்த ஐபீரியோடாக்சின் அந்தக் குழப்பத்தைப் பெரிதும் தீர்த்தது. அதுவும் 37 அமினோ அமிலங்கள் கொண்டதே. ஆனால் பெருங்கடத்துதிறன் கொண்ட கால்சியத் தூண்டல் வாய்க்காலை மட்டுமே குறிவைக்கிறது. அதன் மூலம் இந்தியச் செந்தேள். 1798இல் விலங்கியலாளர் ஃபாப்ரீசியஸ் அந்தத் தேளுக்கு இட்ட இனப்பெயர் 'டாமுலஸ்', தமிழைக் குறிப்பது. தமனியின் தசையில் ஐபீரியோடாக்சின் பட்டால் தமனி மேலும் சுருங்குகிறது. அந்த வாய்க்கால் இயல்பாகவே இரத்தக்குழாய் இறுக்கத்தைத் தணித்துவருகிறது என்பதற்கு அதுவே நேரடிச் சான்று.